தற்காலிகம் என்ற சொல்லுக்கு 43 வயது

தீவும் பெருநிலமும் – வரலாற்றுத் தொடர் – 17

1990 மார்ச். தைபே நகரை ஒட்டிய யாங்மிங்ஷான் மலை. தேசிய சபை கூடும் சுங்ஷான் மாளிகை வாசலில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கதவு திறந்ததும் முதலில் ஊன்றுகோல் தரையில் படுகிறது, பிறகு மனிதர் இறங்குகிறார். சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவருகிறார்கள். எழுபது வயது, எண்பது வயது, அதற்கும் மேல்.

இவர்கள் சீனக் குடியரசின் மக்கள் பிரதிநிதிகள். ஒருவர் ஷான்டோங் மாகாணத்து உறுப்பினர். இன்னொருவர் சிச்சுவான். மற்றொருவர் ஹூபெய். மக்கள் இவர்களுக்கு வாக்களித்தது 1947 நவம்பரில். அந்த மாகாணங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சிக்குள் போய் 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. வாக்களித்த தலைமுறையே பெரும்பாலும் மறைந்துவிட்டது. பிரதிநிதிகள் மட்டும் பதவியில் இருக்கிறார்கள். தைவான் தீவின் இரண்டு கோடி மக்களுக்கு அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்பதை இவர்கள்தாம் முடிவு செய்யப்போகிறார்கள்.

தைவான் மக்கள் இந்த மன்றத்தைப் 'பத்தாயிரம் ஆண்டுப் பாராளுமன்றம்' என்று அழைத்தார்கள். பழைய சீனத்தில் பேரரசரைப் பத்தாயிரம் ஆண்டு வாழ்க என்று வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்து இங்கே ஒரு பாராளுமன்றத்துக்குப் பலித்துவிட்டது.

சென்ற இதழில், 1949 டிசம்பரில் சியாங் காய்-ஷேக் தோற்றுப்போன அரசோடு தைபேயில் வந்து இறங்கியதைப் பார்த்தோம். அங்கிருந்து இந்த மலை மாளிகை வரை 40 ஆண்டுத் தொலைவு. அந்தத் தொலைவை அரசு கடந்தது ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு: தற்காலிகம்.

காலாவதி ஆகாத பதவி

1948 மே 10 அன்று, உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, நான்கிங்கில் ஒரு சட்டம் பிறந்தது. 'கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்கும் காலத்துக்கான தற்காலிக விதிகள்' என்று அதற்குப் பெயர். ஓராண்டுக்கு முன்புதான் அரசியலமைப்புச் சட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. அதில் குடியரசுத் தலைவரின் அதிகாரத்துக்கு இருந்த தடைகளைப் போர்க்காலத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்கலாம் என்றது புதிய சட்டம். போர் முடிந்தால் அதுவும் முடியவேண்டும். ஆனால் போர் முடிந்துவிட்டதாக சியாங் காய்-ஷேக் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. பெருநிலத்தை ஒருநாள் மீட்போம் என்பதே அவருடைய அரசின் அடிப்படை. ஆகவே 'தற்காலிகம்' தொடர்ந்தது.

பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தபோது சிக்கல் வந்தது. சீனா முழுவதற்குமான மன்றம் என்றால் சீனா முழுவதும் தேர்தல் நடக்கவேண்டும். கையில் இருப்பதோ ஒரு தீவு. தைவானில் மட்டும் தேர்தல் நடத்தினால், தங்கள் ஆட்சி தைவானுக்கு மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தேர்தல் நடத்தாவிட்டால் மன்றமே இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டப்புத்தகத்தையே பயன்படுத்தினார்கள். தேசிய சபை உறுப்பினரின் பதவி, அடுத்த சபை கூடும் நாளில் முடியும் என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அடுத்த சபைதான் கூடவில்லையே, எனவே பதவியும் முடியவில்லை என்றது அரசு. சட்டமியற்றும் மன்றத்துக்கும் கண்காணிப்பு மன்றத்துக்கும் 1954-இல் அரசியலமைப்பு நீதிபதிகள் இதே வழியைத் திறந்துவிட்டார்கள். நாட்டுக்குப் பெரும் இடர் நேர்ந்திருப்பதால், புதியவர்கள் வரும்வரை பழையவர்களே தொடரலாம் என்று விளக்கம் தந்தார்கள்.

தேசிய சபை உறுப்பினர் ஒருவர் இறந்தால், அதே 1947 தேர்தலில் அவருக்கு அடுத்து வந்தவரை அழைத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தோற்றவர், வென்றவர் இறந்ததால் பிரதிநிதி ஆனார். ஒருவர் இரண்டு முறைதான் குடியரசுத் தலைவராக இருக்கலாம் என்ற தடையும் 1960-இல் தற்காலிக விதிகளின் திருத்தத்தால் விலக்கப்பட்டது. 1972-இல் சியாங் காய்-ஷேக் ஐந்தாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975 ஏப்ரல் 5 அன்று பதவியிலேயே இறந்தார். மூன்றாண்டுகளில் அவருடைய மகன் சியாங் சிங்-குவோ அந்தப் பதவிக்கு வந்தார்.

இதற்கெல்லாம் காவலாக நின்றது ராணுவச் சட்டம். 1949 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய கட்சி கூடாது. புதிய நாளிதழுக்கு அனுமதி கிடையாது, இருக்கும் இதழ்களும் இத்தனை பக்கம்தான் அச்சிடலாம். அரசை எதிர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சாதாரணக் குடிமகனையும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கும். தண்டனை பெற்றவர்கள் தீவின் தென்கிழக்கே கடலில் இருக்கும் பச்சைத் தீவுச் சிறைக்குப் போவார்கள். 1947 பிப்ரவரி 28 கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த படுகொலையும் இத்தொடரில் முன்பே வந்தன. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்தத் தேதியை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சி வாழ்ந்த காலம் இது. பள்ளியில் வீட்டு மொழியான தைவானிய மொழியில் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் அட்டை மாட்டி நிற்கவைப்பார்கள், அல்லது அபராதம் வாங்குவார்கள். ஒரு தலைமுறை தன் தாயின் மொழியைப் பள்ளி வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போனது.

அரசே விட்டுவைத்த விரிசல்

ஆனாலும் இந்த அரசு தன்னைச் 'சுதந்திரச் சீனா' என்று சொல்லிக்கொண்டது. எதிர்க்கரையில் இருப்பது சர்வாதிகாரம், இங்கே இருப்பது ஜனநாயகம் என்று அமெரிக்காவிடம் காட்டவேண்டிய தேவையும் இருந்தது. எனவே 1950 முதல் ஊர் அளவிலும் மாவட்ட அளவிலும் தேர்தல்கள் நடந்தன. மேலே நாற்காலி அசையாது. கீழே மாவட்டத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆளும் கோமின்டாங் கட்சி, நிலச்சீர்திருத்தத்தால் உழவர்களிடம் பெற்ற நல்லெண்ணத்தையும் ஊர்ப் பெரிய மனிதர்களின் குழுக்களையும் வைத்துக்கொண்டு, பெரும்பாலான இடங்களில் வென்றது.

இந்தக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அலங்காரத்துக்காகத் திறந்துவைத்த ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரிசையில் நின்று முத்திரை குத்திய மக்களுக்கு வாக்குச்சீட்டு ஒரு பழக்கமாகியது. கட்சி தொடங்கத் தடை இருந்ததால், எதிர்த்து நின்றவர்கள் தங்களை 'தங்வாய்' என்று சொல்லிக்கொண்டார்கள். கட்சிக்கு வெளியே இருப்பவர்கள் என்பது பொருள். பெயர்கூட இல்லாத ஓர் எதிர்க்கட்சி.

வழி எளிதாக இருக்கவில்லை. 'சுதந்திரச் சீனா' என்ற இதழை நடத்திய லெய் சென், தைவானியத் தலைவர்களோடு சேர்ந்து ஒரு புதிய கட்சி தொடங்க முனைந்தார். 1960 செப்டம்பரில் கைதானார். பத்தாண்டுச் சிறை. பெருநிலத்திலிருந்து வந்தவர், முன்பு சியாங்குக்கு நெருக்கமாக இருந்தவர். அவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த கால் நூற்றாண்டுக்குக் கட்சி என்ற பேச்சு எடுபடவில்லை.

1977 நவம்பர் 19 அன்று சுங்லி நகரில் அந்த அச்சம் முதல்முறையாக உடைந்தது. தாவ்யுவான் மாவட்டத் தலைவர் தேர்தல். கோமின்டாங்கை மீறித் தனித்து நின்றவர் ஷு ஷின்-லியாங். ஒரு தொடக்கப்பள்ளியில் இருந்த வாக்குச்சாவடியில், முதியவர்களின் வாக்குச்சீட்டைச் சாவடி அதிகாரி வேண்டுமென்றே கறைப்படுத்திச் செல்லாமல் ஆக்கிவிட்டார் என்று பேச்சு பரவியது. காவலர்கள் அந்த அதிகாரியைப் பாதுகாப்பாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானோர் நிலையத்தைச் சூழ்ந்தார்கள். வண்டிகள் கவிழ்ந்தன. இரவில் காவல் நிலையம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிரும் போனது. ஷு பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஒரு சீட்டில் பட்ட கறைக்காக ஓர் ஊரே திரண்டது என்றால், அந்தச் சீட்டை மக்கள் எவ்வளவு சொந்தமாக நினைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

கவ்ஷியுங் இரவு

1978 டிசம்பரில், பழைய உறுப்பினர்கள் அப்படியே இருக்க, மன்றங்களின் சில கூடுதல் இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடக்கவிருந்தது. அந்த மாதம் அமெரிக்கா பெய்ஜிங் அரசை அங்கீகரிக்கப்போவதாக அறிவித்தது. மறுகணமே தைபே அரசு தேர்தலை நிறுத்திவைத்தது. பேச மேடை இல்லாமல் போனவர்கள் 1979 ஆகஸ்டில் 'ஃபோர்மோசா' என்ற இதழைத் தொடங்கினார்கள். வெளியீட்டாளர் ஹுவாங் ஷின்-சியே, சட்டமியற்றும் மன்ற உறுப்பினர். இதழுக்கு ஊர் ஊராகக் கிளை அலுவலகம் திறந்தார்கள். பெயர்தான் இதழ். செயலில் அது ஒரு கட்சி.

டிசம்பர் 10, மனித உரிமை நாள். கவ்ஷியுங் நகரில் இதழ்க்குழு தீப்பந்த ஊர்வலம் நடத்தியது. கலவரத் தடுப்புப் படை வழியை மறித்தது, கண்ணீர்ப் புகை பரவியது, கைகலப்பு முற்றியது. சில நாட்களில் தலைவர்கள் எல்லோரும் உள்ளே. தப்பியோடிய ஷி மிங்-தே மட்டும் ஜனவரியில் பிடிபட்டார்.

விசாரணைக்குச் சற்று முன், 1980 பிப்ரவரி 28 அன்று, கைதான தலைவர்களில் ஒருவராகச் சிறையில் இருந்த லின் யி-ஷியுங்கின் தைபே வீட்டுக்குள் யாரோ புகுந்து அவருடைய தாயையும் இரட்டைப் பெண் குழந்தைகளையும் கத்தியால் குத்திக் கொன்றார்கள். மூத்த மகள் படுகாயத்தோடு பிழைத்தாள். கொலையாளி இன்றுவரை அகப்படவில்லை. எல்லோரும் வாய்திறக்க அஞ்சிய அந்தத் தேதியிலேயே இது நடந்தது.

மார்ச்சில் ராணுவ நீதிமன்றம் எட்டுப் பேரை விசாரித்தது. உலகத்தின் கண் பட்டிருந்ததால் கதவை மூட முடியவில்லை. உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்தியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் சொன்னதை நாளிதழ்கள் பக்கம் பக்கமாக அச்சிட்டன. முப்பதாண்டுகளாக யாரும் பொதுவில் சொல்லத் துணியாத வாதங்களைத் தீவு முழுவதும் காலைத் தேநீரோடு படித்தது. ஷி மிங்-தேவுக்கு ஆயுள் தண்டனை. ஹுவாங்குக்கு 14 ஆண்டு. மற்றவர்களுக்கு 12 ஆண்டு.

அந்த நீதிமன்ற அறையை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். கூண்டில் நின்ற பெண்களில் ஒருவர் அனெட் லூ, பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவர். இன்னொருவர் சென் ஜு, பின்னாளில் அதே கவ்ஷியுங்கின் மேயர். வாதாட முன்வந்த இளம் வழக்கறிஞர்களில் சென் ஷுய்-பியன் குடியரசுத் தலைவர் ஆனார், மூவர் பிரதமர்கள் ஆனார்கள். தன் எதிரிகளை ஒழித்துவிட்டதாக அரசு நினைத்த அறையில், அடுத்த அரசு கூடியிருந்தது.

மக்கள் பதில் சொல்ல அதிக நாள் எடுக்கவில்லை. 1980 டிசம்பரில், நிறுத்திவைத்த தேர்தல் நடந்தபோது, சிறையில் இருந்தவர்களின் மனைவியர் வேட்பாளராக நின்றார்கள். யாவ் ஜியா-வென்னின் மனைவி சோ சிங்-யூவும், சாங் சுன்-ஹுங்கின் மனைவி ஷு ரோங்-ஷுவும் வென்று மன்றங்களுக்குள் நுழைந்தார்கள். ராணுவ நீதிமன்றத் தீர்ப்பை வாக்குச்சாவடியில் திருத்தி எழுதினார்கள் மக்கள்.

யார் திறந்த கதவு?

1986 செப்டம்பர் 28. தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் தங்வாய் தலைவர்கள் கூடினார்கள். வேட்பாளர்களை முடிவுசெய்யும் கூட்டம் என்றுதான் வெளியே சொல்லியிருந்தார்கள். அங்கேயே, தடையை மீறி, ஜனநாயக முற்போக்குக் கட்சியை அறிவித்தார்கள். சிறை நிச்சயம் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஆனால் யாரும் கைதாகவில்லை. சியாங் சிங்-குவோ கைவைக்க வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார். 1987 ஜூலை 15 அன்று ராணுவச் சட்டம் விலகியது. 38 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த சட்டம். அதே ஆண்டு நவம்பரில், பெருநிலத்தில் விட்டுவந்த உறவினரைப் பார்க்கப் போகலாம் என்ற அனுமதி வந்தது. 1988 ஜனவரி 1 அன்று நாளிதழ்களுக்கான தடை நீங்கியது. பதின்மூன்றாம் தேதி சியாங் சிங்-குவோ இறந்தார்.

அவர்தான் ஜனநாயகத்தைத் தந்தார் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். அவருடைய பங்கைக் குறைக்க வேண்டியதில்லை. சுட உத்தரவிடும் அதிகாரம் கையில் இருந்தும் சுடாமல் இருந்தது பெரிய முடிவு. ஆனால் பல்லாண்டுகள் ரகசியக் காவல்துறையை ஆட்டுவித்தவரும் அவரே. 1984-இல் எழுத்தாளர் ஹென்றி லியூவைக் கலிபோர்னியாவில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். தைவான் ராணுவ உளவுத்துறைத் தலைவரே அந்த வழக்கில் தண்டனை பெற்றார். அதன்பின் அமெரிக்கக் காங்கிரஸில் கேள்விகள் துளைத்தன. 1986 பிப்ரவரியில் பக்கத்து பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஓடவேண்டி வந்தது. தொழிற்சாலைகளும் ஏற்றுமதியும் வளர்ந்து, படித்த நடுத்தர வர்க்கம் பெருகியிருந்தது. இத்தனையும் சேர்ந்து கதவை அழுத்திய பிறகே உள்ளிருந்து தாழ் விலகியது. வெளியே நின்று தட்டித் தட்டிக் கை புண்ணானவர்களை மறந்துவிட்டு, தாழ் விலக்கியவரை மட்டும் வணங்குவது வரலாறு ஆகாது.

தாழ் விலகியும் கதவு முழுதாகத் திறக்கவில்லை என்பதற்கு செங் நான்-ருங் சாட்சி. தைவானுக்கான ஓர் அரசியலமைப்பு வரைவைத் தன் வார இதழில் வெளியிட்டார். தேசத்துரோக வழக்கு வந்தது. நூறு சதவீதக் கருத்துச் சுதந்திரம் என்ற கொள்கையில் உறுதியாக நின்ற அவர், விசாரணைக்குப் போக மறுத்து 71 நாட்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தார். 1989 ஏப்ரல் 7 அன்று காவலர்கள் உள்ளே நுழைய முயன்றபோது தீயில் உயிர்விட்டார். இன்று தைவானில் ஏப்ரல் 7 கருத்துச் சுதந்திர நாள்.

லில்லி மலர்ந்த சதுக்கம்

இப்போது மீண்டும் 1990 மார்ச், யாங்மிங்ஷான் மலைக்கு வருவோம். வந்த முதியவர்கள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்கவில்லை. தங்கள் படித்தொகையை உயர்த்திக்கொள்ளவும், கூடுதல் தேர்தலில் வந்த உறுப்பினர்களின் பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஒன்பது ஆண்டாக்கவும் தீர்மானம் போட்டார்கள். ஊரே கொதித்தது.

மார்ச் 16 மாலை, தைவான் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சியாங் காய்-ஷேக் நினைவு மண்டபச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். கோரிக்கைகள் நான்கு: தேசிய சபையைக் கலை, தற்காலிக விதிகளை நீக்கு, தேசிய மாநாட்டைக் கூட்டு, சீர்திருத்தத்துக்குக் கால அட்டவணை கொடு. தைவான் மலைகளில் தானாகப் பூக்கும் காட்டு லில்லியைச் சின்னமாக எடுத்துக்கொண்டு, சதுக்கத்தின் நடுவே அதன் பெரிய உருவத்தை நிறுத்தினார்கள்.

தியானென்மென் சதுக்கத்தில் டாங்கிகள் நுழைந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதே மொழி பேசும் மாணவர்கள், அதே போன்ற சதுக்கம், அதே போல ஒரு தலைவரின் பெயர் தாங்கிய மண்டபம். பெற்றோர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? ஆனால் இங்கே டாங்கி வரவில்லை. மார்ச் 21 அன்று மலை மாளிகையில் கோமின்டாங்கின் லீ டெங்-ஹுய் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று இரவே மாணவப் பிரதிநிதிகளைக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசினார். தேசிய மாநாடு கூடும் என்று வாக்குக் கொடுத்தார். மறுநாள் மாணவர்கள் கலைந்துபோனார்கள்.

வாக்கு காப்பாற்றப்பட்டது. ஜூன் 21 அன்று, 1954-இல் கதவைத் திறந்துவிட்ட அதே நீதிபதிகள் அமைப்பு, பழைய உறுப்பினர்கள் அனைவரும் 1991 டிசம்பர் 31-க்குள் விலகவேண்டும் என்றது. ஒரு வாரத்தில் தேசிய மாநாடு கூடியது. 1991 மே 1 அன்று தற்காலிக விதிகள் நீங்கின. தற்காலிகம் என்ற சொல் 43 ஆண்டுகள் அரசாண்டுவிட்டு ஓய்ந்தது. ஆண்டின் கடைசி நாளுக்குள் முதியவர்கள் ஓய்வுத்தொகை பெற்றுக்கொண்டு போனார்கள். யாரையும் யாரும் அடிக்கவில்லை, சிறையில் தள்ளவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் சட்டமியற்றும் மன்றத்தின் எல்லா இடங்களுக்கும் தைவான் மக்களே வாக்களித்தார்கள்.

ஏவுகணைக்கு அடியில் ஒரு வாக்குச்சாவடி

1996 மார்ச் 23 அன்று குடியரசுத் தலைவரை மக்கள் முதன்முறையாக நேரடியாகத் தேர்ந்தெடுக்கவிருந்தார்கள். அந்த மாதம் சீன ராணுவம் கீலுங், கவ்ஷியுங் துறைமுகங்களுக்கு அருகே கடலில் ஏவுகணைகளை வீசிப் பயிற்சி செய்தது. அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை அனுப்பியது. மக்கள் கவலைப்பட்டார்கள், வங்கிகளில் டாலர் வாங்கினார்கள். ஆனால் தேர்தல் நாளன்று வரிசையில் நின்றார்கள். நூற்றுக்கு 76 பேர் வாக்களித்தார்கள்.

தைவானில் வாக்குகளை வேறிடத்துக்குக் கொண்டுபோவதில்லை. மாலை நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும், அதே பள்ளி அறையில், அதே கோயில் மண்டபத்தில், பெட்டியைத் திறக்கிறார்கள். ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒருவர் சீட்டை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுகிறார். எண்ணையும் பெயரையும் உரக்கச் சொல்கிறார். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லியபடி சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுமையாகிறது. அந்த எழுத்தின் பொருள் 'நேர்'. ஒவ்வொரு ஐந்து வாக்குக்கும் சுவரில் ஒரு நேர்மை எழுதப்படுகிறது. ஒரு சீட்டில் பட்ட கறைக்காகக் காவல் நிலையம் எரிந்த ஊரில், இப்போது ஒவ்வொரு சீட்டையும் எல்லோர் கண்ணுக்கும் நேரே விளக்கொளியில் காட்டுகிறார்கள்.

அன்று மாலை லீ டெங்-ஹுய் 54 சதவீதம் பெற்று வென்றார். இரண்டாவது வந்தவர் பெங் மிங்-மின். 1964-இல் ஓர் அறிக்கை எழுதியதற்காகக் கைதாகி, 1970-இல் ரகசியமாகத் தப்பி ஸ்வீடன் போய், இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர். அவர் பெயரும் அந்தச் சீட்டில் அச்சாகியிருந்தது. தோற்றும் வீட்டுக்குப் போனார், சிறைக்குப் போகவில்லை.

ஆசியப் பண்பாட்டுக்குத் தேர்தல் ஜனநாயகம் ஒத்துவராது என்று அந்த ஆண்டுகளில் சிங்கப்பூரின் லீ குவான் யூ முதல் பெய்ஜிங் தலைவர்கள் வரை பலர் வாதாடினார்கள். கன்பூசியஸைப் படித்த, முன்னோருக்கு ஊதுவத்தி ஏற்றுகிற, சீன எழுத்தில் கணக்கு எழுதுகிற ஒரு சமூகம் அதற்கு நூலில் அல்ல, சுவரில் ஒட்டிய தாளில் பதில் எழுதியது. அந்தப் பதிலை யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை. பச்சைத் தீவில் ஆண்டுகளைத் தொலைத்தவர்கள், கணவன் சிறையில் இருக்கத் தெருத்தெருவாய் வாக்குக் கேட்ட மனைவியர், சதுக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்த மாணவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு கோடு போட்டார்கள்.

ஆனால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. வென்றவர் இன்னமும் கோமின்டாங் தலைவர்தான். அரை நூற்றாண்டு ஆண்ட கட்சி, தேர்தலில் தோற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகுமா? ராணுவம் அதைப் பார்த்துக்கொண்டு இருக்குமா? 2000 மார்ச் 18 அன்று அந்தக் கேள்வி எழுந்தது. கவ்ஷியுங் வழக்கில் வாதாடிய, ஏழை உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

(தொடரும்)